தமாலே போடப் பயந்தவர்கள்

அத்தியாயம் 6

"பதினாறு பேர் சாப்பிட்டாங்க. ரொட்டிக்குள்ள எட்டு பொம்மை. ஒருத்தர் பல்லுலயும் ஒண்ணுகூடக் கடிபடலையாம். உள்ள போனது எதுவும் வெளிய வராம இருக்க, இது விருந்தா, விசாரணைக் கமிஷனா?"

பேருந்திலிருந்து இறங்கும்போதே வென்சே ஆரம்பித்துவிட்டான். தோன்யா கூக்கா (ஊர் மரியாதையில் பெண்ணுக்குத் தோன்யா, ஆணுக்குத் தோன்) அவன் பின்னால் இறங்கினாள். குடையை விரித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தேகால். பன்னிரண்டு மணிக்கு, விருந்து வைத்த படகுக்காரர் தோன் எவரிஸ்டோவின் வக்கீல் புகார் மனுவோடு போலீசுக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள், விருந்தில் காணாமல் போன அவர் மனைவியின் மரகத மோதிரம் கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் சபேலா கம்பி எண்ணப் போவாள்.

சபேலா மரீனாவில், பணக்காரர்களின் சொகுசுப் படகுகள் கட்டிக் கிடக்கும் துறையில், பதினோரு வருடமாகப் படகு துடைப்பவள். அவளும் கூக்காவும் ஒருத்தி பிள்ளைக்கு ஒருத்தி ஞானத்தாய்; அந்த உறவில் ஒருத்தியை ஒருத்தி 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவார்கள். கூக்கா முப்பது வருடம் சுங்க இலாகாவில் பெட்டிகளைத் திறந்து பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது மனிதர்களைத் திறந்து பார்க்கிறாள். அவளுடைய உதவியாளன் வென்சே, புவெர்ட்டோ வயார்ட்டா கடற்கரையில் வெள்ளைக்காரர்களை மடக்கி, "காலைச் சாப்பாடு இலவசம், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் போதும்" என்று ஒரே வீட்டை வருடத்துக்கு ஒரு வாரம் வீதம் பலர் தலையில் கட்டும் பங்குவீட்டுக் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவன். ஒருநாள் வாய்தவறி ஒரு கனடாக் கிழவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். வேலை போயிற்று. அன்று சாயங்காலமே கூக்கா அவனைச் சேர்த்துக்கொண்டாள்.

"ரொட்டிக்காரன் எலியோதோரோ பொய் சொல்லியிருந்தா, தோன்யா?"

"அவன் பொம்மை வைக்காம ரொட்டி வித்தா மறுநாள் கடைக்குக் கதவு இருக்குமாடா? எட்டு வச்சேன்னு பெத்த மக தலையில கை வச்சுச் சொல்றான்."

"அப்ப எட்டுப் பேர் முழுங்கிட்டாங்க."

"முழுங்கல. மறைச்சிட்டாங்க. ஒரே மேசையில எட்டுப் பொய்க்காரங்க. மோதிர விஷயத்துல மட்டும் எல்லாரும் அரிச்சந்திரன்னு நான் எதுக்கு நம்பணும்?"

வழக்கம் இதுதான். ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாள். அன்றைக்கு வீட்டுக்கு வீடு வளைய ரொட்டி வெட்டுவார்கள். உள்ளே விரல்நுனி உயரத்தில் பிளாஸ்டிக்கில் பாலன் இயேசு படுத்திருப்பார். யார் துண்டில் அவர் வருகிறாரோ அவர்தான் பாலனுக்கு ஞானத்தகப்பன், ஞானத்தாய். பிப்ரவரி இரண்டாம் தேதி காணிக்கைத் திருநாளில் கூடியிருந்த அத்தனை பேருக்கும் அவர் தமாலே போடவேண்டும். சோள மாவைச் சருகில் பொதிந்து ஆவியில் அவிப்பது. நம் இலைக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை. கூலிக்காரன் வீட்டில் பொம்மை வந்தால் அவன் எழுந்து நின்று தூக்கிக் காட்டுவான், எல்லாரும் கைதட்டுவார்கள். கப்பல் வைத்திருப்பவர்கள் மேசையில்தான் இப்படிக் காணாமல் போகும்.

மரீனா வாசலில் இரண்டு பலகைகள். ஒன்று, "முதலை உண்டு, உணவிடாதீர்." இன்னொன்று, "விற்பனையாளர்களுக்கு அனுமதி இல்லை." முதலைக்குப் பலகையில் படம் போட்டிருந்தது, விற்பனையாளருக்கு அந்த மரியாதைகூட இல்லை. மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணம் செலுத்தாமல் அந்தப் பேட்டையில் குடியிருக்கும் ஒரே ஜீவன் அந்த முதலைதான். அதை யாரும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை.

வென்சேயை நிறுத்தினார்கள். நிறுத்தியவர் காவலாளி தோன் சேமா. அறுபது வயது, நீலச் சட்டை, பொத்தான் தாங்காத தொப்பை.

"அட, வென்சேப் பயலா! யாருக்குடா இன்னிக்கு இலவசச் சாப்பாடு?"

"உங்களுக்குத்தான் மாமா. ஒன்றரை மணி நேரம் உட்காருவீங்களா?"

"நான் இருபது வருஷமா இங்க உட்கார்ந்துதான்டா இருக்கேன். ஒரு வாய் காப்பிகூட வரல. ஆறாம் தேதிகூட விடிஞ்சதுலேருந்து அடைஞ்சது வரைக்கும் இந்தப் பொந்துலதான். அவ்வளவு பேர் ரொட்டி வெட்டினாங்க, ஒரு துணுக்கை எவனாவது கண்ணுல காட்டினானா?" சொல்லிக்கொண்டே அவர் வருகைப் பதிவேட்டைப் பின்பக்கமாகத் திருப்பினார். "சரி, உன் பேரை எழுதிக்கறேன். பிப்ரவரி ரெண்டு. உனக்குப் பன்றிக்கறி வச்சதா, பச்சைமிளகாயும் பாலாடைக்கட்டியும் வச்சதா?"

"ரெண்டும்."

"உன்னைக் கேட்டது என் தப்பு. தோன்யா, நீங்க?"

கூக்கா அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். தோட்டக்காரர்கள், கோல்ஃப் வண்டி ஓட்டுபவர்கள், கூட்டுபவர்கள் என்று நாற்பது பெயருக்கு மேல் இருந்தது. "பன்றிக்கறி," என்றாள். ஏதோ கேட்க வாயெடுத்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நடந்தாள்.

படகுத்துறைப் பலகைப் பாதையில், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு சபேலா உட்கார்ந்திருந்தாள். படகில் ஏறக் கூடாது, வெளியே போகவும் கூடாது என்று உத்தரவு. எதிரே நின்ற சொகுசுப் படகின் பின்புறத்தில் பொன்னெழுத்தில் பெயர்: 'பணிவு'. அது கடலுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. கரையிலிருந்த தொட்டிச்செடியின் கொடி படகின் கம்பியில் நாலு சுற்றுச் சுற்றிப் பூத்துவிட்டது.

"கொமாத்ரே, நான் எடுக்கல," என்றாள் சபேலா.

"இத நீ என்கிட்ட சொல்லணுமா? சாப்பிட்டியா?"

"இறங்கல. ஒண்ணு மட்டும் கேளு. ஜெயில்னா பயம்தான். ஆனா ஜெயில்லேருந்து வந்துரலாம். 'கையைப் பாத்துக்கோ, அவ திருடி'ன்னு ஒரு தடவை இந்தத் துறையில பேச்சு வந்துருச்சுன்னா எந்தப் படகுலயும் ஏத்த மாட்டாங்க."

கூக்கா அவள் தோளைத் தொட்டாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு 'பணிவு' மேல் ஏறினாள். செருப்போடு போனால் தேக்குத் தளம் கெட்டுவிடும் என்று எல்லாரும் வெறுங்காலோடுதான் போகவேண்டும். கோடீஸ்வரர்களின் பித்தவெடிப்பைப் பார்க்க வேறு இடம் கிடையாது.

தோன் எவரிஸ்டோ மேல்தளத்தில் நின்றிருந்தார். வெள்ளைக் கால்சட்டை, கடலைப் பார்க்காத கடற்படைத் தொப்பி. பக்கத்துச் சாய்வு நாற்காலியில் அவர் மனைவி தோன்யா எர்னெஸ்தினா. கோயிலில் பாலனுக்குப் பட்டுடுத்தும் மாதர் குழுவின் தலைவி அவள்தான். மோதிரம் இல்லாத இடக்கையைக் கைக்குட்டையால் மூடியிருந்தாள், துக்க வீட்டில் கண்ணாடியை மூடுவதுபோல.

"பன்னெண்டு வரைக்கும் தேடுங்க," என்றார் எவரிஸ்டோ. "நான் நியாயமான மனுஷன்."

"ரொட்டி வெட்டினப்போ மோதிரம் எங்க இருந்துச்சு, செனோரா?" என்று கேட்டாள் கூக்கா.

"கத்தியத் தொடறதுக்கு முன்னாடியே கழட்டிட்டேன். வெண்ணெய் பிசுக்கு ஒட்டுமே! இதோ, இந்தத் தட்டுல வச்சேன். அந்தச் சபேலாதான் தட்டெல்லாம் எடுத்தா."

"பொம்மை யாருக்கு வந்தது?"

"யாருக்குமே இல்ல. அந்த ரொட்டிக்காரன் ஏமாத்திட்டான். இந்தக் காலத்துல யாரை நம்பறது சொல்லுங்க!"

எவரிஸ்டோ பெருமூச்சு விட்டார். "எனக்கு வந்திருந்தா ஐநூறு தமாலே போட்டிருப்பேன்."

அவர் அதைச் சொல்லும்போது கண்கள் ஒருகணம் கோயில் உண்டியலைப் போன்ற ஒரு மரப்பெட்டியின் பக்கம் போய்த் திரும்பின. பங்குவீட்டுக்கு ஆள் பிடித்தவன் கண்ணுக்கு அது தப்புமா? வென்சே கூக்காவின் காதில், "தோன்யா, இந்த ஆளு கையெழுத்துப் போடற மாதிரி பேனாவத் திறந்துட்டு ஓடற ரகம்," என்றான்.

"பேசினது போதும், உட்காரு. அன்னிக்கு எப்படி நாற்காலி போட்டிருந்தாங்களோ அப்படியே இருக்கு. ஒவ்வொரு நாற்காலியிலயும் உட்காரு. வாய் நிறைய ரொட்டி. பல்லுல பொம்மை. பக்கத்துல இருக்கறவன் பாத்துருவான். முகத்தை ஆட்டாம இடது கையை எங்க நீட்டுவ?"

வென்சே உட்கார்ந்தான். கன்னத்தை உப்பவைத்துக்கொண்டான். முகத்தில் ஒரு புன்னகையை நிறுத்தி இடது கையை நீட்டினான். விரல் மெத்தையின் ஜிப்புக்குள் போயிற்று.

"ஒண்ணு," என்றான்.

நோட்டரியின் நாற்காலி அது. அடுத்தது பல் டாக்டருடையது. பூந்தொட்டி மண்ணில் பாலன் தலைகீழாக நட்டு வைக்கப்பட்டிருந்தார். தூண்டில் செருகும் குழாயில் ஒருவர். ஒலிபெருக்கிக்குப் பின்னால் ஒருவர். உயிர்காப்புச் சட்டையின் பையில் ஒருவர். கப்பல் தலைவனின் மழைக்காலணிக்குள் ஒருவர். ஆறு ஆயிற்று.

ஏழாவது எவரிஸ்டோவின் நாற்காலி. வென்சே இடது கையை நீட்டினான். மேலே துளை போட்ட மரப்பெட்டி. 'அனாதைக் குழந்தைகள் நிதி' என்று எழுதியிருந்தது. குலுக்கினான். கலகலவென்று ஒரு சத்தம். கவிழ்த்தான். பாலன் விழுந்தார். அந்தப் பெட்டியில் இருந்தது அது ஒன்றுதான்.

"யாரோ பக்தியில போட்டிருப்பாங்க," என்றார் எவரிஸ்டோ. தொப்பியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டார்.

"எட்டாவது?" என்றாள் கூக்கா.

மிச்சமிருந்த நாற்காலிகளில் எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் பக்கத்து ஆளின் மடிதான் வந்தது. கடைசியாகத் தலைமை நாற்காலி. எர்னெஸ்தினாவுடையது. அங்கே உட்கார்ந்து வென்சே கையை நீட்டினான். மெத்தை இல்லை, தொட்டி இல்லை, பெட்டி இல்லை. கம்பி, கம்பிக்கு அப்பால் காற்று, காற்றுக்குக் கீழே பச்சைத் தண்ணீர்.

"என் கைக்கு ஒண்ணும் அகப்படல, தோன்யா."

கூக்கா தண்ணீரையே பார்த்தாள். பிறகு இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வாசலை நோக்கி நடந்தாள். மணி பதினொன்று இருபது. வென்சே பின்னாலேயே ஓடினான். வாளிமேல் இருந்த சபேலா தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். அவனுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

காவல் கூண்டில் மூச்சிரைக்க நின்றாள் கூக்கா.

"சேமா அண்ணே, ஒரு கேள்வி. உங்களுக்கு எவனும் ஒரு துணுக்கு ரொட்டி தரலன்னு சொன்னீங்க. அப்ப நாற்பது பேருக்கு எதுக்குத் தமாலே போடறீங்க?"

சேமா வெட்கப்பட்டார். "அதையேதான் என் பொண்டாட்டியும் கேக்கறா. 'ரொட்டியே திங்காம ஞானத்தகப்பன் ஆன முட்டாள் உலகத்துல நீ ஒருத்தன்தான்'னு ரெண்டு நாளா ஏசறா." மேசை டிராயரைத் திறந்தார். நீலத் துணி சுற்றிய பாலன் ஒரு பாட்டில் மூடியில் படுத்திருந்தார். "ஏழாம் தேதி காலையில வலையால குப்பை அரிச்சேன். 'பணிவு'க்கும் பலகைக்கும் நடுவுல இருக்கற மூலையில மிதந்துட்டு இருந்தாரு. தண்ணி அங்க அசையாது, விழுந்தது விழுந்த இடத்துலயே நிக்கும். யாரோ கை தவறி விட்டிருப்பாங்க, பாவம். யாரு கையில கிடைக்கறாரோ அவங்கதானே போடணும், தோன்யா? ரொட்டியில வந்தா என்ன, தண்ணியில வந்தா என்ன?"

வென்சே கைப்பேசியை எடுத்துத் தடவினான். எர்னெஸ்தினா ஆறாம் தேதி சாயங்காலமே ஊருக்குக் காட்டிய படம் அதில் இருந்தது. கீழே, "எளிமையான குடும்ப விருந்து." வலக்கையில் கத்தி. இடக்கை ரொட்டிமேல். இடக்கை விரலில் மரகதம், கோழிமுட்டைக்குப் பாதி.

"கத்தியத் தொடறதுக்கு முன்னாடியே கழட்டிட்டாங்களாம்!"

"பொம்மை மிதக்கும்டா வென்சே," என்றாள் கூக்கா. "மரகதம் மிதக்காது. லாலோ எங்க இருக்கான்?"

லாலோ படகுகளின் அடிப்பாகத்தில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டும் முத்துக்குளிப்பவன். ஆனால் இதுவரை முத்து எதுவும் கிடைத்ததில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு அவர்கள் திரும்பியபோது மணி பதினொன்று நாற்பது. மனுவைத் தோல்பையில் வைத்துக்கொண்டு வக்கீலும் வந்து நின்றார்.

"செனோராவோட நாற்காலிக்கு நேர் கீழ இறங்குப்பா," என்றாள் கூக்கா.

எர்னெஸ்தினா துள்ளி எழுந்தாள். "ஐயோ, வேண்டாம்! முதலை இருக்கு! அந்த ஏழை மனுஷனுக்குப் பிள்ளைகுட்டி இல்லையா?"

"இத்தனை நாள்ல நீங்க என் பிள்ளைகுட்டியக் கேட்டது இதான் முதல் தடவை, செனோரா," என்றான் லாலோ கண்ணாடியை மாட்டிக்கொண்டே. "அது பத்து மணிக்கு மேல கோல்ஃப் மைதானத்துக் குளத்துல வெயில் காயப் போயிரும். எங்க ரெண்டு பேருக்கும் நேரம் பேசி வச்சிருக்கு."

மூழ்கினான். குமிழிகள் வந்தன. முதலில் ஒரு வெள்ளி முள்கரண்டியோடு வந்தான். அப்புறம் மூன்று கறுப்புக் கண்ணாடி. மூன்றாவது தடவை வந்தபோது கையை மூடியிருந்தான். தளத்தின் விளிம்பில் விரல்களைத் திறந்தான். சேறு. சேற்றுக்கு நடுவில் பச்சையாக ஒரு மினுக்கு.

கூக்கா மேசைமேல் ஏழு பாலன்களை வரிசையாக வைத்தாள். எட்டாவதை, நீலத் துணியோடு, தனியாக எர்னெஸ்தினாவின் தட்டில் வைத்தாள்.

"வெண்ணெய்க் கை, செனோரா. பொம்மைய வீசினீங்க, மோதிரம் கூடவே வழுக்கிப் போயிருச்சு."

"எர்னெஸ்தினா!" எவரிஸ்டோவின் தொப்பி நடுங்கியது. "பாலனையா? முதலை இருக்கற தண்ணியிலயா? நீ மாதர் குழுத் தலைவி!"

"பின்ன என்ன பண்ணுவேன்?" அவள் வெடித்தாள். "நோட்டரி மெத்தைக்குள்ள திணிச்சத நான் பாத்தேன். பல் டாக்டர் மண்ணுல புதைச்சத பாத்தேன். நீங்க அனாதைப் பெட்டியில போட்டதையும் பாத்தேன்! எட்டுப் பேர்ல ஏழு பேர் தப்பிச்சா, பதினாறு பேருக்கும் நான் ஒருத்தியா மாவு பிசையணும்?"

வக்கீல் தோல்பையை மெல்ல மூடினார்.

"மோதிரம் எங்க போச்சுன்னு அன்னிக்கே தெரியும்," என்றாள் கூக்கா. குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு நாளா அவ வாளிமேல உட்கார்ந்திருக்கா. லாலோவ ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே?"

எர்னெஸ்தினா உட்கார்ந்தாள். "கூப்பிட்டா ஏன் விழுந்துச்சுன்னு கேப்பான். துறை முழுக்கப் பேசுவான். திருடு போச்சுன்னா எல்லாரும் ஐயோ பாவம்பாங்க. பாலனைத் தண்ணியில வீசினேன்னா..." முடிக்கவில்லை. சட்டென்று முகத்தைத் துடைத்துப் புன்னகையை மாட்டிக்கொண்டாள். "அதான் கிடைச்சிருச்சே! சபேலா, மேல வாம்மா. நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துரு. நாங்க எதையும் மனசுல வச்சுக்க மாட்டோம்."

சபேலா வாளியை விட்டு எழுந்தாள். செருப்பைக் கழற்றாமல் படகில் ஏறினாள். தேக்குத் தளத்தில் செருப்புச் சத்தத்தை வென்சே முதல் தடவையாகக் கேட்டான்.

"எழுதிக் குடுங்க, செனோரா."

"என்னத்த?"

"மோதிரம் உங்க கையாலதான் தண்ணியில போச்சு, நான் எடுக்கலன்னு. வக்கீலய்யாகிட்ட நல்ல காகிதம் இருக்கும்."

எவரிஸ்டோ தலையசைத்தார். வக்கீல் மனுவின் பின்பக்கத்தைத் திருப்பி நீட்டினார். எர்னெஸ்தினா இரண்டு வரி எழுதித் தள்ளினாள்.

சபேலா படித்தாள். அவள் மெதுவாகப் படிக்கிறவள். "கை வழுக்கிச்சுன்னு இருக்கு. கையில மோதிரத்தோட வேற என்ன இருந்துச்சுன்னு இல்லையே."

"அது எதுக்கு இப்ப?"

"அது இல்லன்னா நாளைக்கு இந்தத் துறையில யாரு நம்புவாங்க? நீங்க என்னைக் காப்பாத்த நல்ல மனசோட எழுதிக் குடுத்தீங்கன்னு சொல்லுவாங்க. நான் திருடியாவே இருப்பேன், நீங்க புண்ணியவதி ஆயிருவீங்க."

வென்சே கூக்காவைப் பார்த்தான். அவள் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றாள்; வாய் ஓரம் மட்டும் அசைந்தது.

பக்கத்துப் படகுகளில் திரைகள் விலகின. நோட்டரியின் படகில் ஒரு தலை எட்டிப் பார்த்தது; மேசைமேல் பாலன்களின் வரிசையைக் கண்டதும் உள்ளே போய்விட்டது. எர்னெஸ்தினா பேனாவை மறுபடி எடுத்தாள். எழுதினாள். பாலன் என்ற சொல்லில் பேனா நின்றது. பிறகு நகர்ந்தது. முதலை என்ற சொல்லுக்கும் போயிற்று. கையெழுத்துப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினாள்.

சபேலா தாளை வாங்கிப் படகின் விளிம்புக்குப் போனாள். தோட்டக்காரர்கள், கூட்டுபவர்கள், கோல்ஃப் வண்டிக்காரர்கள் பலகைப் பாதையில் கூடியிருந்தார்கள். அவள் முதல் வரியிலிருந்து ஒவ்வொரு சொல்லாக, உரக்க, ஒன்றையும் விடாமல் வாசித்தாள். யாரும் சிரிக்கவில்லை. வாசித்து முடித்துக் கையெழுத்துக்குக் கீழே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து தாளை மேசையில் வைத்தாள்.

"தேதி போடலையே, செனோரா."